டெக்சஸ் ஆர்வி ரிசார்ட்டில் முதல் குளிர்காலம்: நாட்கணக்கிலிருந்து தேங்க்ஸ்கிவிங் மேசை வரை முழு வழிகாட்டி

அக்டோபர் நடுவிலிருந்து டெக்சஸ் மாநிலத்தின் தென்கோடிக்குப் போகும் நெடுஞ்சாலைகளில் ஒன்டாரியோ, மனிடோபா, மினசோட்டா, அயோவா நம்பர் பிளேட்டுகள் கூடிக்கொண்டே வரும். மிஷன், மெக்காலன், ஃபார், வெஸ்லாகோ, ஹார்லிங்கன் என்று ரியோ கிராண்டே பள்ளத்தாக்கில் வரிசையாக இருக்கும், ஆர்வி என்ற வீட்டு வண்டிகளை நிறுத்தித் தங்கும் பார்க்குகளில் பனிக்காலம் முடியும்வரை தங்கப் போகிறவர்கள் அவர்கள். உள்ளூரில் அவர்களுக்கு விண்டர் டெக்சன் என்று பெயர். நானும் மனைவியும் கனடாவின் டொராண்டோவிலுள்ள ஸ்கார்பரோவிலிருந்து ஐந்து குளிர்காலம் போய்வந்துவிட்டோம். கடைசி மூன்று வருடங்களாக எங்கள் பார்க்கின் வரவேற்புக் குழுவில் இருக்கிறேன். புதிதாக வருபவர்கள் எங்கே தடுக்கி விழுகிறார்கள் என்பது எனக்குத் தெரியும்.

வேலைகளை வரிசை மாற்றிச் செய்வதால்தான் பெரும்பாலும் விழுகிறார்கள். ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். யார் யாரோடு சீட்டு ஆடுவது, யார் எந்த மேசையில் உட்காருவது, மரப்பட்டறையில் எந்த நாள் யாருடையது என்பதெல்லாம் அக்டோபர் கடைசிக்கும் நவம்பர் நாலாவது வியாழனில் வரும் அமெரிக்க நன்றி நாளான தேங்க்ஸ்கிவிங்குக்கும் இடையில் படிந்துவிடும். ஜனவரியில் வருபவருக்கு வெயில் கிடைக்கும், கூட்டத்தில் இடம் கிடைக்கச் சிரமப்படுவார். நவம்பர் முதல் வாரத்துக்குள் லாட்டில், அதாவது பார்க்கில் நமக்கென்று ஒதுக்கும் மனையில், இறங்கிவிட வேண்டும் என்ற கணக்கில்தான் கீழே உள்ள படிகளை எழுதியிருக்கிறேன்.

1. முதலில் நாட்களை எண்ணுங்கள்

இடம் பார்க்கும் முன்பே காகிதத்தில் நாட்களை எழுதுங்கள். கனடியர்களுக்கு மூன்று கணக்குகள் உண்டு. மூன்றும் வேறு வேறு. ஒன்றை இன்னொன்றென்று நினைத்துக் குழம்புவதுதான் முதல் தவறு.

முதலாவது ஒன்டாரியோ மருத்துவக் காப்பு. எந்த 12 மாதத்தை எடுத்தாலும் 212 நாளுக்கு மேல் மாகாணத்துக்கு வெளியே இருக்கக் கூடாது. கோடையில் சென்னைக்கோ யாழ்ப்பாணத்துக்கோ போய்வந்த ஒரு மாதமும் இதில் சேரும். நம்மவர்கள் பலர் மறப்பது அதைத்தான்.

இரண்டாவது குடிவரவு. சுற்றுலாப் பயணியாக வரும் கனடியருக்கு வழக்கமாக ஆறு மாதம் வரை தங்க அனுமதி கிடைக்கும். 2025 ஏப்ரலிலிருந்து, 30 நாளோ அதற்கு மேலோ தங்கும் வெளிநாட்டவர் அரசிடம் பதிவு செய்திருக்க வேண்டும் என்பதும் கண்டிப்பாக்கப்பட்டிருக்கிறது. ஐ-94 என்ற நுழைவுப் பதிவு இருந்தால் அதுவே போதும். தரைவழியாகக் காரில் போகும் கனடியருக்கு அது தானாகக் கிடைக்காமல் போகலாம். எல்லையில் கேட்டு வாங்குங்கள், அல்லது முன்கூட்டியே இணையத்தில் விண்ணப்பியுங்கள்.

மூன்றாவது அமெரிக்க வருமான வரி. இந்த வருட நாட்கள் முழுதாக, போன வருட நாட்களில் மூன்றில் ஒரு பங்கு, அதற்கு முந்திய வருடத்தில் ஆறில் ஒரு பங்கு. கூட்டி 183 வந்தால் உங்களை வரி விஷயத்தில் அமெரிக்கவாசியாக எடுத்துக்கொள்ளலாம். வருடம் 120 நாள் வீதம் மூன்று வருடம் போனால் 120, 40, 20, மொத்தம் 180. தப்பித்தீர்கள். 150 நாள் வீதம் போனால் 150, 50, 25, மொத்தம் 225. அப்போது உங்கள் வாழ்வின் வேர் கனடாவில்தான் என்று காட்டும் 8840 படிவத்தை ஜூன் 15க்குள் அனுப்ப வேண்டும். ஒரு வருடத்துக்குள்ளேயே 183 நாள் தங்கிவிட்டால் அந்தப் படிவமும் உதவாது.

மெக்சிகோவுக்கு ஒரு நாள் நடந்து போய்வந்தால் கணக்கு புதிதாகத் தொடங்கும் என்று பார்க்கில் யாராவது சொல்வார்கள். நம்பாதீர்கள். போன நாளும் வந்த நாளும் அமெரிக்க நாளாகவே எண்ணப்படும்.

2. பார்க்கைத் தேர்வு செய்யுமுன் கேட்க வேண்டியவை

முதல் பருவத்திலேயே டிரெய்லர் வாங்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. பல பார்க்குகளில் 'பார்க் மாடல்' என்ற சிறு வீடு வாடகைக்குக் கிடைக்கும். 400 சதுர அடிக்குள், சமையலறை, படுக்கை, குளியல் எல்லாம் இருக்கும். ஒரு பருவம் அதில் இருந்து பாருங்கள். பிடித்தால் வண்டி வாங்கலாம். வாடகைக்கு எடுப்பவர்கள் 4, 6 ஆகிய பகுதிகளைத் தாண்டிப் போகலாம்.

தொலைபேசியில் கேட்க வேண்டிய கேள்விகள் சில. வயது விதி என்ன? பெரும்பாலான பார்க்குகள் 55 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கானவை. பேரப்பிள்ளைகள் வந்தால் எத்தனை நாள் தங்கலாம் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். வண்டி 10 வருடத்துக்கு மேல் பழையதென்றால் ஏற்பார்களா? மின்சாரம் வாடகையில் சேர்ந்ததா, தனி மீட்டரா? மாத வாடகை, பருவ வாடகை என்றால் தனி மீட்டராகத்தான் இருக்கும். லாட்டில் 30 ஆம்ப்பா, 50 ஆம்ப்பா?

அப்புறம் யாரும் கேட்காத ஒரு கேள்வி: "நவம்பரில் பார்க் எவ்வளவு நிரம்பியிருக்கும்?" சில பார்க்குகள் ஜனவரியில்தான் உயிர் பெறும். நவம்பரிலேயே நிகழ்ச்சி அட்டவணை ஓடிக்கொண்டிருக்கும் பார்க்தான் புதியவருக்கு ஏற்றது. போன வருட நவம்பர் அட்டவணையை அனுப்பச் சொல்லுங்கள். அதைப் பார்த்தாலே பார்க்கின் குணம் தெரிந்துவிடும்.

லாட் தேர்ந்தெடுக்க வாய்ப்பு கொடுத்தால், வண்டியின் கதவும், அதன் பக்கவாட்டில் விரியும் துணிப் பந்தலும் கிழக்கே பார்க்கும் லாட்டை எடுங்கள். மாலையில் வண்டியே உங்களுக்கு நிழல் தரும். மாலை நான்கு மணிக்கு வெளியே நாற்காலி போட முடிந்தால்தான் நடந்துபோகும் பக்கத்து வீட்டார் நின்று பேசுவார்கள்.

பார்க்கில் வேலை செய்தால் லாட் வாடகை இல்லை என்று சொல்லும் இடங்களும் உண்டு. அமெரிக்கக் குடிமக்களுக்கு நல்ல ஏற்பாடு. சுற்றுலாப் பயணியாக வந்திருக்கும் கனடியருக்கு அது அனுமதியில்லாத வேலை. வாடகைத் தள்ளுபடியும் கூலிதான். கேட்டால் நன்றி சொல்லி மறுத்துவிடுங்கள்.

3. மருத்துவர், காப்பீடு, வீடு: இந்த வரிசையில்

மருத்துவரை ஜூன், ஜூலையிலேயே பாருங்கள். செப்டம்பருக்குத் தள்ளாதீர்கள். பயண மருத்துவக் காப்பீட்டில் 'நிலையான உடல்நிலை' என்று ஒரு நிபந்தனை இருக்கும். ஏற்கெனவே உள்ள நோய் புறப்படும் நாளுக்கு முன் 90 நாளோ 180 நாளோ மாற்றமில்லாமல் இருந்திருக்க வேண்டும். ரத்த அழுத்த மாத்திரையின் அளவைக் கூட்டினால் மட்டுமில்லை, பல பாலிசிகளில் குறைத்தாலும் அது மாற்றம்தான். புறப்பட மூன்று வாரம் இருக்கும்போது பரிசோதனைக்குப் போய், மாத்திரை மாறி, இதயத்துக்கான காப்பு முழுவதும் போய்விட்ட ஒருவரை எனக்குத் தெரியும். அவர் அந்த வருடம் பயணத்தையே கைவிட்டார்.

ஒன்டாரியோவின் காப்பை மட்டும் நம்பிப் போகவே கூடாது. வெளிநாட்டு மருத்துவமனையில் படுத்தால் அது தருவது ஒரு நாளுக்கு அதிகபட்சம் 400 கனடிய டாலர். அமெரிக்க மருத்துவமனையின் ஒரு நாள் பில்லில் அது ஒரு மூலைக்குக்கூடக் காணாது.

மருத்துவரைப் பார்த்த பிறகு காப்பீட்டுக் கேள்வித்தாளை நிரப்புங்கள், கையில் மருந்துப் பட்டியலை வைத்துக்கொண்டு. நினைவிலிருந்து நிரப்பினால் ஒரு மாத்திரை விடுபடும். அந்த ஒன்றைக் காட்டியே பின்னால் பணம் மறுக்கலாம்.

வீடு கடைசியில். தண்ணீரைப் பிரதான வால்வில் மூடிக் குழாய்களை வடித்துவிடுங்கள். ஆளில்லாத வீட்டை யாராவது குறித்த இடைவெளியில் வந்து பார்க்க வேண்டும் என்று பல வீட்டுக் காப்பீடுகள் கேட்கும். எத்தனை நாளுக்கு ஒருமுறை என்பதை எழுத்தில் வாங்கி, பார்க்கப்போகும் உறவினரிடம் கொடுங்கள். அவர் வந்துபோன தேதிகளைக் குறித்து வைக்கட்டும்.

4. வண்டியைத் தயார் செய்தல்

டயரின் வயதை முதலில் பாருங்கள், தேய்மானத்தைப் பிறகு. நின்றே இருக்கும் டிரெய்லரின் டயர் தேய்வதற்கு முன் கிழடாகிவிடும். டயரின் பக்கச் சுவரில் டாட் (DOT) என்ற எழுத்துகளுக்குப் பின் வரும் எண்ணின் கடைசி நான்கு இலக்கத்தைப் படியுங்கள். 2319 என்றால் 2019ஆம் வருடத்தின் 23ஆம் வாரம் செய்தது. ஆறு வருடம் தாண்டிய டயரில் நான் 3,000 கிலோமீட்டர் போக மாட்டேன்.

அடுத்து தண்ணீர்த் தொட்டி. 15 கேலனுக்குக் கால் கப் சாதாரண பிளீச் என்ற கணக்கில் கலந்து தொட்டியை நிரப்பி, ஒவ்வொரு குழாயிலும் பிளீச் வாசம் வரும்வரை திறந்துவிட்டு, ஒரு இரவு விட்டு, வாசம் போகும்வரை அலசுங்கள். வாசனை சேர்த்த பிளீச் வேண்டாம். வெந்நீர்த் தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்காமல் அதன் மின் சுவிட்சைத் தொடாதீர்கள். வெறும் தொட்டியில் சூடேற்றினால் ஹீட்டர் கம்பி சில நிமிடத்தில் எரிந்துவிடும்.

வழியில் வாங்கிக்கொள்ளலாம் என்று விடக்கூடாதவை: தண்ணீர் அழுத்தத்தைக் குறைக்கும் ரெகுலேட்டர், குடிநீர் ஹோஸ், கழிவு ஹோஸும் அதன் முழங்கை மூட்டும், மின் பாதுகாப்புக் கருவி, சமப்படுத்தும் கட்டைகள், ரப்பர் கையுறை. இவை தேவைப்படுவது இறங்கிய முதல் மணி நேரத்தில். கடை அப்போது மூடியிருக்கும்.

5. பயணமும் எல்லையும்

நாங்கள் அக்டோபர் மூன்றாம் வாரம் புறப்படுகிறோம். செப்டம்பரில் போனால் பள்ளத்தாக்கு இன்னும் புழுங்கிக்கொண்டிருக்கும், புயல் பருவமும் மும்முரமாக இருக்கும். நவம்பர் நடுவில் புறப்பட்டால் மிச்சிகனிலும் இந்தியானாவிலும் பனி பிடிக்கக்கூடும். ஒரு நாளைக்கு 450 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டாதீர்கள், மாலை நான்குக்கு முன் நிறுத்திவிடுங்கள். இருட்டில் பழக்கமில்லாத பார்க்கில் டிரெய்லரைப் பின்னால் எடுக்கும்போதுதான் கம்பத்தில் மோதுவது நடக்கிறது.

எல்லையில் நம்மவர்களுக்கென்று ஒரு எச்சரிக்கை: கறிவேப்பிலை கொண்டுபோகாதீர்கள். செடியும் வேண்டாம், கொத்தும் வேண்டாம். கறிவேப்பிலை எலுமிச்சை, ஆரஞ்சின் குடும்பத்தைச் சேர்ந்தது. பழமரங்களைக் கொல்லும் பச்சையாதல் நோயைப் பரப்பும் சிறு பூச்சி அதில் குடியிருக்கும். ரியோ கிராண்டே பள்ளத்தாக்கு டெக்சஸின் சிவப்பு கிரேப்ஃப்ரூட் விளையும் மண். அந்த நோய் 2012 ஜனவரியில் மெக்காலனுக்குப் பக்கத்தில் சான் ஹுவான் ஊரில் கண்டுபிடிக்கப்பட்டது. பார்க்கில் உங்கள் பக்கத்து லாட்டிலேயே ஒரு எலுமிச்சை மரம் இருக்கலாம். எலுமிச்சம்பழம், விறகு இரண்டையும் வீட்டிலேயே விட்டுவிடுங்கள். மற்ற உணவுப் பொருள் எதுவானாலும் வாய்விட்டுச் சொல்லுங்கள். மருந்துகள் கடை லேபிள் ஒட்டிய டப்பாவிலேயே இருக்கட்டும்.

டெக்சர்கானாவிலிருந்து நெடுஞ்சாலை 59 வழியாக ஹூஸ்டன், அங்கிருந்து விக்டோரியா, பிறகு 77இல் தெற்கே. ஹூஸ்டன் பக்கம் ஒரு இரவு தங்குங்கள். ஹில்கிராஃப்ட் தெருவில் இந்திய மளிகைக் கடைகள் நிறைய. ஆறு மாதத்துக்குப் பருப்பு, புளி, மிளகாய்த்தூள் வாங்கிவிடலாம். தெற்கே பேர்லாந்தில் மீனாட்சி அம்மன் கோயில் இருக்கிறது. நாங்கள் ஒவ்வொரு வருடமும் அங்கே இறங்கிவிட்டுத்தான் போகிறோம்.

கிங்ஸ்வில்லில் டாங்கை நிரப்புங்கள். அதற்குத் தெற்கே பெரும் மாட்டுப் பண்ணை நிலம். வெகுதூரத்துக்கு ஊர் கிடையாது.

6. லாட்டில் முதல் நாள்

இங்கே வரிசை மிக முக்கியம்: சமப்படுத்து, மின்சாரம், தண்ணீர், கழிவு, கேஸ்.

முதலில் வண்டியைப் பக்கவாட்டில் சமப்படுத்துங்கள். காரிலிருந்து கழற்றும் முன்பே இதைச் செய்ய வேண்டும், கழற்றிய பிறகு சக்கரத்தைக் கட்டை மேல் ஏற்ற முடியாது. முன்பின் சமத்தைக் கழற்றிய பிறகு பார்க்கலாம். வண்டி சாய்ந்திருந்தால் கேஸ் ஃபிரிட்ஜ் சரியாகக் குளிராது, நாளடைவில் கெட்டும் போகும்.

மின் கம்பத்தின் பெட்டிக்குள் கை விடும் முன் டார்ச் அடித்துப் பாருங்கள். டெக்சஸின் நெருப்பெறும்புகள் மின் பெட்டிக்குள் கூடு கட்டும். ஒன்று கடித்தால் நூறு சேர்ந்து கடிக்கும். எறும்பு இருந்தால் அலுவலகத்தில் சொல்லுங்கள், நீங்களாகத் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

பிரேக்கரை அணைத்துவிட்டுப் பாதுகாப்புக் கருவியை மட்டும் முதலில் சொருகி, பிரேக்கரைப் போட்டு அது என்ன சொல்கிறதென்று பாருங்கள். கம்பிகள் மாறியிருந்தாலோ மின்னழுத்தம் குறைந்திருந்தாலோ அதுவே காட்டிவிடும். சரி என்றால் மறுபடி அணைத்து, வண்டியின் கேபிளைச் சொருகி, பிறகு போடுங்கள். மின்சாரம் ஓடும் நிலையில் சொருகினால் பொறி தட்டி முனைகள் கருகும். கருகிய முனை சூடாகும், சூடானால் இன்னும் கருகும்.

30 ஆம்ப் என்றால் மொத்தம் 3,600 வாட். ஒரு சிறிய அறை ஹீட்டர் 1,500 வாட், மைக்ரோவேவும் கிட்டத்தட்ட அவ்வளவு. இரண்டும் ஓடும்போது கெட்டிலைப் போட்டால் பிரேக்கர் விழும். முதல் குளிர் காலையில் பார்க் முழுக்க இதுதான் நடக்கும்.

தண்ணீர்க் குழாயை ஒரு நிமிடம் திறந்து ஓடவிடுங்கள். கோடை முழுதும் தேங்கிய துருவும் மண்ணும் போகட்டும். ரெகுலேட்டரைக் குழாயிலேயே மாட்டுங்கள், வண்டிப் பக்கம் வேண்டாம். அப்போதுதான் ஹோஸும் காப்பாற்றப்படும். 40 முதல் 60 பிஎஸ்ஐ அழுத்தம் போதும்.

கழிவுக் குழாயைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கிட்டத்தட்ட எல்லாப் புதியவர்களும் இங்கே தவறு செய்கிறார்கள். ஹோஸ் மாட்டியாகிவிட்டது, இனி வால்வைத் திறந்தே வைக்கலாம் என்று நினைக்கிறார்கள். கழிப்பறைத் தொட்டியின் வால்வு எப்போதும் மூடியே இருக்க வேண்டும். திறந்திருந்தால் நீர் மட்டும் ஓடிப்போய்த் திடக்கழிவு அடியில் மேடாகக் காய்ந்துவிடும். இரண்டு மாதத்தில் கல் போலாகி, தொட்டியையே கழற்ற வேண்டிய நிலை வரும். தொட்டி மூன்றில் இரண்டு பங்கு நிரம்பும்வரை விட்டு, ஒரே மூச்சில் திறந்தால் நீரின் வேகம் எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு போகும். அது வடிந்த பிறகு குளியல், பாத்திரம் கழுவிய தண்ணீர்த் தொட்டியைத் திறங்கள். அந்தச் சோப்புத் தண்ணீர் ஹோஸை அலசிவிடும். ஹோஸ் வண்டியிலிருந்து தரைக்குழாய் வரை ஒரே சரிவாக இருக்கட்டும், நடுவில் தொய்யக் கூடாது.

கேஸ் சிலிண்டரைக் கடைசியில் திறந்து, மூட்டுகளில் சோப்பு நுரை தடவிப் பாருங்கள். 3,000 கிலோமீட்டர் குலுங்கி வந்த மூட்டு அது.

7. முதல் வாரம்: லாட் நம்பர், பெயர் அட்டை, காபி

வண்டி நின்றதும் உள்ளே போய்ப் படுத்துவிடத் தோன்றும். பத்து நாள் அப்படியே கழிந்துவிடும். இரண்டாம் நாளே மூன்று வேலை செய்யுங்கள்.

அலுவலகத்தில் பதிவை முடியுங்கள். கார் எண், நாய் இருந்தால் வெறிநாய்த் தடுப்பூசிச் சான்று, அவசரத்துக்குக் கூப்பிட வேண்டியவரின் எண். ஊரிலுள்ள மகன் அல்லது மகளின் எண்ணைக் கொடுங்கள். கூடவே பயணம் வரும் மனைவியின் எண்ணைக் கொடுத்துவிட்டு வருகிறார்கள். இரண்டு பேரும் ஒரே காரில் இருந்தால் அந்த எண்ணால் பயன் என்ன?

பெயர் அட்டை செய்யக் கொடுங்கள். பெயர், ஊர், லாட் நம்பர். பார்க்கில் எல்லோரும் இதை மாட்டிக்கொண்டுதான் பார்க்கின் பொது ஹாலுக்கு வருவார்கள். நம் முழுப்பெயர் அவர்களுக்கு நீளம்தான். அதற்காகப் பெயரை மாற்றிக்கொள்ள வேண்டியதில்லை. எப்படிக் கூப்பிட வேண்டுமோ அந்த வடிவத்தைப் பெரிய எழுத்தில் போடுங்கள். மனைவியின் பெயரைச் சொல்லக் கற்றுக்கொள்ள எதிர் லாட்டு நெப்ராஸ்காக்காரர் ஒரு வாரம் எடுத்துக்கொண்டார். இப்போது அவர்தான் புதிதாக வருபவர்களுக்கு அதைச் சரியாகச் சொல்லிக்கொடுக்கிறார்.

வாராந்தரக் காபிக் கூட்டத்துக்குப் போங்கள். வாரத்தில் ஒரு நாள் காலையில் காபியும் டோனட்டும் வைத்து அந்த வார அறிவிப்புகளைச் சொல்வார்கள். புதியவர்களை எழுந்து நிற்கச் சொல்லி வரவேற்பார்கள். எந்த ஊர், என்ன வேலை செய்தீர்கள் என்று இரண்டு வாக்கியம் சொன்னால் போதும். என்ன வேலை என்பதைக் கட்டாயம் சொல்லுங்கள். ஓய்வு பெற்ற எலெக்ட்ரீஷியன், தபால்காரர், நர்ஸ் என்று சொன்னதும் அதே தொழில் பார்த்த யாராவது தேடி வருவார்கள். உட்காரும் முன் "இங்கே யாராவது இருக்கிறார்களா?" என்று கேளுங்கள். பத்து வருடமாக ஒரே நாற்காலியில் உட்கார்ந்து வருபவர்கள் உண்டு.

அரசியல் பேச்சை முதல் பருவம் முழுக்கத் தவிர்த்துவிடுங்கள். மீன்பிடி, மழை, பேரப்பிள்ளைகள், இவை போதும்.

8. எதில் சேர்வது

அட்டவணையைப் பார்த்தால் மலைப்பாக இருக்கும். பிக்கிள்பால் (சிறு கோர்ட்டில் மட்டையால் ஆடும் பந்தாட்டம்), ஷஃபிள்போர்டு (தரையில் வட்டுகளைத் தள்ளி ஆடுவது), வரிசை நடனம், நீருக்குள் உடற்பயிற்சி, குவில்ட் தைப்பது, மரவேலை, பிங்கோ, இசைக் கூடல். எல்லாவற்றிலும் பெயர் கொடுக்காதீர்கள். மூன்று எடுங்கள்: உடம்புக்கு ஒன்று, மேசையில் உட்கார்ந்து ஆடுவது ஒன்று, கையால் வேலை செய்வது ஒன்று. மூன்றிலும் வெவ்வேறு ஆட்கள் இருப்பார்கள். அதனால் ஒரு மாதத்தில் பாதிப் பார்க் முகம் தெரிந்துவிடும். பெயர் கொடுத்துவிட்டுப் போகாமல் இருப்பது நல்லதில்லை. நாலு பேர் ஆட்டத்தில் ஒருவர் வராவிட்டால் மற்ற மூவருக்கும் அந்த மாலை வீண்.

சீட்டு விளையாட்டைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஒன்டாரியோக்காரர்களும் மத்திய மேற்கு மாநிலத்தவர்களும் விரும்பி ஆடுவது யூக்கர். நம்மவர்களின் 304 என்ற சீட்டாட்டம் தெரிந்த தமிழருக்கு அது ஒரு மாலையில் பிடிபட்டுவிடும். இரண்டிலும் துருப்பின் ஜாக்கிதான் ராஜா. ஒரு வேறுபாட்டை மட்டும் மனதில் வையுங்கள்: யூக்கரில் துருப்பின் அதே நிறத்திலுள்ள மற்ற ஜாக்கியும் துருப்பாகி இரண்டாம் இடத்துக்கு வந்துவிடும். 304 பழக்கத்தில் இருப்பவர்கள் முதல் வாரம் தோற்பது அங்கேதான்.

பிக்கிள்பாலில் 'தொடக்கக்காரர் நேரம்' என்று போட்டிருக்கும் நேரத்துக்கு மட்டும் போங்கள். கிரிப் உள்ள கோர்ட் ஷூ இல்லாமல் இறங்காதீர்கள். பின்னால் ஓடிப் பந்தெடுக்கப் பார்த்து விழுவதுதான் அதில் வழக்கமான விபத்து. பந்து தலைக்கு மேல் போனால் திரும்பி ஓடுங்கள், அல்லது விட்டுவிடுங்கள். மரப்பட்டறையில் பாதுகாப்புப் பயிற்சி முடிக்காமல் இயந்திரத்தைத் தொட விடமாட்டார்கள். அந்தப் பயிற்சி பல இடங்களில் பருவத் தொடக்கத்தில்தான் நடக்கும். ஜனவரியில் வந்தவர் வெளியே நின்று பார்க்க வேண்டியதுதான்.

9. பாட்லக்குக்கு என்ன கொண்டுபோவது

பாட்லக் என்றால் ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவந்து எல்லோரும் பகிர்ந்து உண்பது. முதலில் பதிவுத் தாளைப் பாருங்கள். பிரதான உணவு, காய்கறி, சாலட், இனிப்பு என்று பிரித்திருப்பார்கள். சில பார்க்குகளில் பெயரின் முதல் எழுத்தைக் கொண்டு பிரிப்பார்கள். பதிவு செய்யாமல் கொண்டுபோனால் இனிப்பு இருபதும் காய்கறி இரண்டுமாக முடியும்.

எவ்வளவு சமைப்பது? நம்மவர்கள் நூறு பேருக்கு என்று அண்டாவில் சமைத்துவிடுகிறோம். தேவையில்லை. உங்கள் வீட்டில் ஆறு பேருக்குச் சமைக்கும் அளவு போதும். எல்லோரும் ஒரு கரண்டிதான் எடுப்பார்கள்.

எலுமிச்சைச் சாதம் நன்றாகப் போகும், மிளகாயைக் கால்வாசியாகக் குறைத்தால். கடலைப்பருப்பு பல்லில் கடிபடுவது பழகாதவர்களுக்குச் சங்கடம், அதை விட்டுவிடுங்கள். உருளைக்கிழங்குப் பொரியல், காரம் குறைந்த வெஜிடபிள் கட்லட், கேரட் அல்வா மூன்றும் காலியான பாத்திரத்தோடு திரும்பிவரும். ரசத்தை முதல் முறை கொண்டுபோகாதீர்கள். வேர்க்கடலை, முந்திரி இருந்தால் ஒரு அட்டையில் பெரிதாக எழுதிப் பக்கத்தில் வையுங்கள். ஒவ்வாமை உள்ளவருக்கு அது உயிர்ப் பிரச்சினை. பாத்திரத்தின் அடியில் டேப் ஒட்டி லாட் நம்பர் எழுதுங்கள். தட்டு, கரண்டி, குவளை உங்களுடையதையே கொண்டுபோக வேண்டும்.

சைவக்காரர்கள் கவனிக்க: பச்சை பீன்ஸிலும் வேகவைத்த மொச்சையிலும்கூடப் பன்றி இறைச்சித் துண்டு போட்டிருப்பார்கள். கேட்டுவிட்டு எடுங்கள். கேட்பதை யாரும் தவறாக நினைப்பதில்லை. இரண்டாவது பாட்லக்கில் உங்களுக்காகவே இறைச்சி போடாத ஒன்றைச் செய்துகொண்டு வருபவர் நிச்சயம் இருப்பார். எங்களுக்கு அயோவாவைச் சேர்ந்த ஒரு அம்மா அதைச் செய்தார். இப்போதும் செய்கிறார்.

10. தேங்க்ஸ்கிவிங்

பல பார்க்குகளில் வான்கோழியைப் பார்க்கே ஏற்பாடு செய்யும், மற்றதை நாம் கொண்டுபோக வேண்டும். மேசைக்கு எட்டுப் பேர் வீதம் முன்பதிவு. இந்தத் தாள் நவம்பர் தொடக்கத்திலேயே ஹால் சுவரில் ஒட்டப்படும். முழு மேசையாகப் பதிவு செய்பவர்கள் முதல் வாரத்திலேயே எழுதிவிடுவார்கள். உங்களை யாராவது அழைப்பார்கள் என்று காத்திருக்காதீர்கள். சீட்டு ஆடும் இடத்தில், "உங்கள் மேசையில் இரண்டு இடம் இருக்கிறதா?" என்று நீங்களே கேளுங்கள். இல்லையென்றால் வரவேற்புக் குழுவிடம் சொல்லுங்கள். புதியவர்களுக்கென்று நாங்கள் ஒரு மேசையை ஒதுக்கி வைக்கிறோம், அதில் பழையவர் இருவரை வேண்டுமென்றே உட்கார வைக்கிறோம்.

நேரத்தைச் சரிபாருங்கள். 'டின்னர்' என்று எழுதியிருந்தாலும் அது பெரும்பாலும் நண்பகல் பன்னிரண்டு, ஒரு மணிச் சாப்பாடு. மத்திய மேற்கின் விவசாயக் குடும்பங்களில் டின்னர் என்றால் மதிய உணவுதான். ஒரு வருடம் புதிதாக வந்த தம்பதி மாலை ஆறு மணிக்கு உடுத்திக்கொண்டு, கையில் கேசரிப் பாத்திரத்தோடு பூட்டிய ஹால் வாசலில் நின்றார்கள். அன்றிலிருந்து நான் ஒவ்வொரு புதிய லாட்டுக்கும் போய் நேரத்தை வாயால் சொல்லிவிட்டு வருகிறேன்.

சாப்பிட்ட பிறகு மேசை துடைப்பதற்கும் நாற்காலி மடக்குவதற்கும் நில்லுங்கள். அங்கே பத்து நிமிடம் நின்றால் அடுத்த மாதத்துக்கான அழைப்புகள் வந்துவிடும்.

11. வாடைக்காற்றுக்கும் பக்கத்து வீட்டாருக்கும்

நவம்பரிலிருந்து 'நார்தர்' என்ற வடக்குக் காற்று திடீரென்று இறங்கும். மதியம் சட்டைக் கையை மடக்கிக்கொண்டு இருந்தவர் மாலையில் ஜாக்கெட் தேடுவார். வெளியே போகும்போதும் தூங்கும் முன்பும் பந்தலைச் சுருட்டிவிடுங்கள். ஒரே வீச்சில் பந்தல் கூரைமேல் மடிந்து கிடப்பதை வருடத்தில் இரண்டு தடவையாவது பார்க்கிறோம். உறைபனி எச்சரிக்கை வந்தால் தண்ணீர் ஹோஸைக் கழற்றி வடித்து, அந்த இரவுக்கு உள் தொட்டித் தண்ணீரைப் பயன்படுத்துங்கள்.

மருந்துகள், ஒவ்வாமை, காப்பீட்டு எண், பிள்ளைகளின் எண் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி உறையில் போட்டு ஃபிரிட்ஜ் கதவில் மாட்டுங்கள். ஆம்புலன்ஸ்காரர்கள் முதலில் பார்க்கும் இடம் அது. அவசர எண்ணுக்குக் கூப்பிடும்போது பார்க்கின் தெரு முகவரியும் லாட் நம்பரும் இரண்டும் சொல்ல வேண்டும். பதற்றத்தில் லாட் நம்பரை மட்டும் சொல்லிவிடுகிறார்கள்.

பக்கத்து லாட்டோடு ஒரு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். எங்களுடையது எளிது: காலை எட்டு மணிக்குள் சமையலறைத் திரையை விலக்கிவிட வேண்டும். எட்டரைக்கும் மூடியிருந்தால் வந்து கதவைத் தட்டலாம். மூன்றாவது பருவத்தில் எதிர் லாட்டுக்காரரின் திரை விலகவில்லை. போய்த் தட்டினோம். சர்க்கரை இறங்கி அரை மயக்கத்தில் இருந்தார். சாவி எங்களிடம் இருந்ததால் உள்ளே போக முடிந்தது. அதனால் சாவியையும் மாற்றிக்கொள்ளுங்கள்.

12. வெளியே போய்வரும்போது

வெஸ்லாகோவுக்குத் தெற்கே பாலத்தைக் கடந்தால் மெக்சிகோவின் நுவோ ப்ரோக்ரெஸோ. பல் வைத்தியத்துக்கும் மூக்குக் கண்ணாடிக்கும் விண்டர் டெக்சன்கள் நடந்தே போவார்கள். பாஸ்போர்ட் இல்லாமல் பாலத்தில் கால் வைக்காதீர்கள், பாலக் கட்டணத்துக்குச் சில்லறையும் வைத்துக்கொள்ளுங்கள்.

வடக்கே போகும்போதும் பாஸ்போர்ட் வேண்டும். 77இல் சரிட்டா பக்கமும் 281இல் ஃபால்ஃபூரியஸ் பக்கமும் எல்லைக் காவலர்களின் சோதனைச் சாவடி உண்டு. கார்பஸ் கிறிஸ்டிக்குக் கடைக்குப் போனாலும் அதைக் கடந்துதான் போக வேண்டும். திரும்பும்போது நிறுத்துவார்கள் என்று நினைப்பார்கள், உண்மையில் வடக்கே போகும்போதுதான் நிறுத்துவார்கள். பாஸ்போர்ட்டையும் ஐ-94 அச்சுப் பிரதியையும் காரின் முன் பெட்டியில் வைக்கும் பழக்கத்தை முதல் நாளே ஏற்படுத்திக்கொள்ளுங்கள்.

அடுத்த பருவத்துக்கு அதே லாட் வேண்டுமென்றால் ஏப்ரல்வரை காத்திராதீர்கள். பிப்ரவரியிலேயே அலுவலகத்தில் சொல்லி முன்பணம் கட்டி ரசீது வாங்குங்கள். கிழக்கு பார்த்த லாட்டுகள்தான் முதலில் போகும்.